வகுப்பறைக் குழப்படியும் ஆசிரியர் கடனும்

குழப்படி என்னுஞ் சொல் ஈழத்துத் தமிழர் நாவில் நாளும் வழங்குவது. மூன்று வயதுக் குழந்தை பாற்கோப்பையைக் கவிழ்த்தாலும் குழப்படி. பதினாறு வயது மாணாக்கன் ஆசிரியரை எதிர்த்துப் பேசினாலும் குழப்படி. பாடம் நடக்கையில் அயலவனோடு பேசுதல், பேனையால் மேசையைத் தட்டுதல், அடுத்தவன் கொப்பியைப் பறித்தல், மணி அடித்துப் பத்து நிமிடங் கழித்து வருதல், கேட்ட வினாவுக்கு வாய் திறவாது நிற்றல், நித்திரை கொள்ளுதல் ஆகிய யாவும் இவ்வொரு சொல்லுள் அடங்கிவிடுகின்றன. பெயர் ஒன்றாகவே மருந்தும் ஒன்றாகிவிடுகின்றது. காய்ச்சலென்று வந்த எல்லார்க்கும் ஒரே குளிசையைக் கொடுத்தனுப்பும் வைத்தியரை நாம் நம்பமாட்டோம். ஆயின் வகுப்பறையில் அத்தகைய வைத்தியராகவே நம்மிற் பலர் இருந்து வருகின்றோம். இதனை எழுதுவோனும் ஆசிரியத் தொழிலின் முதற் பதின்மூன்று ஆண்டுகள் அவ்வாறே இருந்தவன். என் பிழை ஒன்றை ஆராயப் புகுந்தபோது கற்றவற்றை உடனாசிரியர்க்கும், நாளை ஆசிரியராகப் போகும் மாணாக்கர்க்கும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

மாணாக்கரை அவர்தம் இயல்பால் வகுத்தல் நம்மிடையே பழைய வழக்கு. பவணந்தி முனிவர் நன்னூற் பொதுப்பாயிரத்திலே மாணாக்கரைத் தலை, இடை, கடை என மூவகைப்படுத்தி, தலையாயவர்க்கு அன்னத்தையும் பசுவையும், கடையாயவர்க்கு எருமை, ஆடு, ஓட்டைக்குடம், நெய்யரி என்பவற்றையும் உவமை காட்டினார். நாவலரவர்களின் காண்டிகையுரையோடு நன்னூல் பயின்ற தலைமுறைகள் யாழ்ப்பாணத்திற் பலவாதலின், இவ்வுவமைகள் ஆசிரியர் ஓய்வறையில் இன்றுங் கேட்கக்கூடியன. “எட்டாந் தரம் முழுவதும் எருமைகள்” என்று நண்பர் ஒருவர் கூறிப் பெருமூச்செறிந்ததை யான் கேட்டிருக்கின்றேன். அவர் மறந்தது யாதெனின், அதே பாயிரம் ஆசிரியராகத் தகாதவர்க்கும் நான்கு உவமை கூறியிருத்தலாம். அணுகிக் கேட்போர்க்கு எதுவுங் கொடாது, தானே விழுத்தினாலன்றிப் பழந்தராத பனை ஒன்று; கருக்கு மட்டை இன்னதென நம்மூரார்க்கு விளக்கவேண்டியதில்லை. நீர் வார்த்தவனை விட்டு அயலான் வளவுக்குள் காயுதிர்க்கும் வளைந்த தென்னை மற்றொன்று. பஞ்சு அடைத்த குண்டிகை மூன்றாவது. நான்காவதாகிய கழற்குடமோ, கழற்சிக்காய்களை இட்ட முறையில் வெளிவிடாது கண்டபடி உருட்டித் தள்ளுவது. மாணாக்கன் குறையையும் ஆசிரியன் குறையையும் ஒரே பாயிரத்துள் வைத்து நூல் செய்தார் அவர். நாம் ஒரு பக்கத்தை மட்டும் மனனஞ் செய்துகொண்டோம். கழற்குடத்தைப் பின்னரும் ஒருமுறை காண்போம்.

சில ஆண்டுகளுக்கு முன் எட்டாந் தரத்துக்குத் தமிழும் வரலாறுங் கற்பித்து வந்தேன். வகுப்பில் 41 மாணவர். அவர்களுள் ஒருவன், பெயர் வேண்டா, என் நாட்களை நஞ்சாக்கினான் என்றே அக்காலத்திற் கருதினேன். முன்வாங்கில் இருத்தினால் பின்னே திரும்பிக் கதைப்பான். பின்வாங்கில் இருத்தினால் ஆட்டைப் போலக் குரல் எழுப்புவான். அவன் விடும் பகிடிகளோ கெட்டித்தனம் வாய்ந்தவை; யானே சிரிப்பை அடக்கிக்கொண்டு கரும்பலகைப் பக்கந் திரும்பிய நாள்களும் உண்டு. “வெளியே போ” என்பேன், போவான். விறாந்தைத் தூணோடு சாய்ந்து, மணி அடிக்கும்வரை முற்றத்து வேம்பைப் பார்த்துக்கொண்டு நிற்பான். அவன் முகத்தில் வருத்தம் இராது. அதனைத் திமிர் என்று பொருள்கொண்டேன். அதிபரிடம் அனுப்பினேன். தாயாரை அழைப்பித்தேன். அவ்வம்மையார், “சேர், அடிச்சாலும் பரவாயில்லை, அவனைப் படிப்பிச்சு விடுங்கோ” என்று சொல்லிக் கண்கலங்கிச் சென்றார். அடிப்பதற்கு ஒரு தாய் உத்தரவு கொடுத்ததை மட்டுமே அன்று யான் கேட்டேன். அவர் கேட்டது படிப்பித்தலை என்பது பின்னரே உறைத்தது.

யான் வெளிவாரியாகப் பட்டம் பெற்றவன். விரிவுரை மண்டபத்தில் அமர்ந்து கற்கும் பேறு எனக்குப் பிந்தியே, பட்டப்பின் கல்வி டிப்ளோமா வகுப்புகளில், வார இறுதி நாள்களிற் கிடைத்தது. அங்கே தரப்பட்ட ஒப்படைகளுள் ஒன்று, ஒரு மாணவனின் நடத்தையை நான்கு வாரம் குறித்து வருதல். குழப்படி நிகழ்ந்த நாள், பாடவேளை, அதற்கு முன் வகுப்பில் நடந்தது, அவன் செய்தது, பின் ஆசிரியர் செய்தது என ஐந்து நிரல். முன் நடந்ததும் பின் நடந்ததும் எதற்கு என்று முணுமுணுத்துக்கொண்டே, கொப்பி ஒன்றிற் கோடு கிழித்தேன். தெரிவு செய்தவன் அவனே; வேறு யார்?

நான்கு வார முடிவில் ஒன்பது பதிவுகள் இருந்தன. அவற்றுள் எட்டு, தமிழ்ப் பாடத்தில் உரத்து வாசிக்கும் வேளைகளில் நிகழ்ந்தவை. ஒன்பதாவது வரலாற்றுப் பாடத்தில். அன்றும் பாடநூலின் பந்திகளை வரிசைமுறையில் வாசிக்கப் பணித்திருந்தேன். எழுத்து வேலை கொடுத்த நாளில் அவன் பேசாதிருந்தான் (எழுதினானா என்பதை யான் பார்த்ததில்லை). யான் கதை சொல்லிய நாளிலோ எல்லாரினும் கூர்ந்து கேட்டான். வாசிப்பு முறை வாங்கு வாங்காக நகர்ந்து வந்து, அவனுக்கு இரண்டு மூன்று பேர் முன்னதாக நிற்கும்போது ஆடு கத்தும். அவன் எண்ணிக்கொண்டிருந்தான் என்பது அப்போதுதான் விளங்கிற்று. எண்ணத் தெரிந்தவன், வாசிக்கத் தெரியாதவன்.

அன்று பள்ளிக்கூடம் விட்ட பின் அவனைத் தனியே இருத்தி, நான்காந் தரத்து வாசிப்புநூல் ஒன்றைத் திறந்து கொடுத்தேன். நான்கு சொற்களை எழுத்தெழுத்தாகக் கூட்டினான். ஐந்தாவது சொல்லில் மெய்யெழுத்து இரண்டு அடுத்து வர, அதிலே முட்டுப்பட்டு நின்றுவிட்டான். நெடுநேரம் பேசவில்லை. பின்பு, “சேர், பெடியளுக்குச் சொல்லிப்போடாதேங்கோ” என்றான். ஒரு தவணை முழுவதும் யான் தண்டனை என்று நினைத்து வழங்கியது அவனுக்கு மீட்பாயிருந்தது. விறாந்தைத் தூண் அவனுடைய புகலிடம். குழப்படிகாரன் என்னும் பெயரில் ஒரு மிடுக்கு உண்டு. வாசிக்கத் தெரியாதவன் என்னும் பெயரில் நாணமன்றி வேறில்லை. இவ்விரண்டில் ஒன்றைத் தெரிவு செய்யென்றாற் பதின்மூன்று வயதுச் சிறுவன் எதனைத் தெரிவு செய்வான்? அவன் ஆடுபோற் கத்திய ஒவ்வொரு முறையும், யான் அதற்கு விலை கொடுத்து வாங்கியிருக்கின்றேன்.

இது என் ஒருவனது அநுபவமன்று. எட்வேட் கார், மார்க் டியூரண்ட் என்னும் அமெரிக்க உளவியலார் இருவர் 1985இல் வெளியிட்ட ஆய்வொன்று இதனை மிகத் தெளிவாகக் காட்டுகின்றது. வளர்ச்சிக் குறைபாடுடைய நான்கு பிள்ளைகளை அவர்கள் ஆராய்ந்தனர். சில பிள்ளைகளின் தொந்தரவு வேலை கடினமாகும்போது மிகுந்தது. சிலருடையது பெரியவரின் கவனங் குறையும்போது மிகுந்தது. முன்னையோர்க்கு, விளங்கவில்லையென்று சொல்லி உதவி கேட்கப் பழக்கினர். பின்னையோர்க்கு, தாம் செய்வது சரியாவென்று கேட்டுக் கவனத்தைப் பெறப் பழக்கினர். தொந்தரவு வீழ்ச்சியுற்றது. காரணத்துக்குப் பொருந்தாத வாசகத்தைக் கற்பித்தபோது பயன் விளையவில்லை. காரணம் இன்னதென்று அறியாது கொடுக்கும் மருந்து, நல்ல மருந்தேயாயினும், வேலை செய்யாது என்பதற்கு இதனினுஞ் சிறந்த சான்று யான் கண்டதில்லை. நம் வகுப்புப் பிள்ளைகள் அந்நால்வரைப் போன்றவர் அல்லர். ஆயினும் கூச்சலிடாமல் உதவி கேட்கும் வழியை நாம் எத்தனை பேர்க்குக் கற்பித்திருக்கின்றோம்?

குழப்படிக்குள் ஒரு நோக்கம் உண்டு என்னுங் கருத்தை ஆசிரியருலகிற் பரப்பியவர் ருடோல்வ் டிரைக்கேர்ஸ் என்பவர். 1897இல் வியன்னாவிற் பிறந்த மருத்துவர். அல்பிரட் அட்லரின் மாணாக்கர். முதலாம் உலகப் போரின் பின்னர் வியன்னாவில் ஆசிரியரும் பெற்றோரும் பிள்ளைகளோடு வந்து ஆலோசனை பெறும் நிலையங்களை அட்லர் நிறுவியிருந்தார். அம்மரபில் வளர்ந்த டிரைக்கேர்ஸ் பின் அமெரிக்கா சென்று சிக்காகோவிற் பணிபுரிந்து, வகுப்பறை உளவியல் பற்றித் தனிநூலொன்றை 1957இல் வெளியிட்டார். பிள்ளை எவர்க்கும் முதல் வேட்கை, தானும் ஒரு கூட்டத்தில் இடமுடையவன் என்பது. நேர்வழியில் அவ்விடம் கிட்டாதென்று கருதும் பிள்ளை நான்கு தவறான வழிகளுள் ஒன்றைப் பற்றும் என்பது அவர் கொள்கை. பிறர் கவனத்தைத் தன்பால் ஈர்த்தல், தன் வலிமையை நிறுவுதல், பழிவாங்குதல், தன்னால் ஒன்றும் இயலாதென்று காட்டி ஒதுங்குதல் என்பன அந்நான்கு.

இவற்றை வேறுபடுத்தி அறிவதெங்ஙனம் என்பதற்கு அவர் கூறிய வழியே எனக்குப் பெரிதும் பயன்பட்டது. பிள்ளையைப் பார்ப்பதற்கு முன் உன் நெஞ்சைப் பார் என்கின்றார். வெறுஞ் சலிப்பும் தொந்தரவுமே தோன்றுமாயின் பிள்ளை நாடுவது கவனத்தை. ‘இவன் யார், நான் யார் என்று காட்டுகின்றேன்’ எனச் சினம் மூளுமாயின் நடப்பது வலிமைப் போட்டி. மனம் புண்பட்டு, இவனுக்கு என்ன தீமை செய்தேன் என்று தோன்றுமாயின் அவன் எங்கோ பட்ட புண்ணுக்கு நம்மைப் பழிவாங்குகின்றான். இவனை ஒன்றுஞ் செய்ய முடியாதென்று கைசோர்வோமாயின், அவன் தன்னைப் பற்றிக் கொண்டிருக்கும் முடிபை நாமும் ஏற்றுக்கொண்டுவிட்டோம். கவனம் நாடுவோனுக்கு அவன் குழப்படி செய்யும்போது அதனைக் கொடாது, செய்யாதபோது தாராளமாகக் கொடுக்க வேண்டும். போட்டிக்கு வருவோனோடு வகுப்பார் முன்னிலையிற் போட்டிக்கு நிற்றல் ஆகாது. தோற்றாலுந் தோல்வி, வென்றாலுந் தோல்வி. அவனைத் தனியே கண்டு பேசவேண்டும்.

டிரைக்கேர்ஸின் பாகுபாடு மருத்துவர் ஒருவரின் அநுபவ முடிபு. அளந்து நிறுவிய விதியன்று. ஒரே பிள்ளையிடம் இரண்டு மூன்று நோக்கங்கள் கலந்து வருதலும் உண்டு. என் மாணவன் விடயத்தில் எனக்குத் தோன்றியது சினம். ஆதலின் வலிமைப் போட்டி என்றே அவர் நூலைக் கொண்டு யான் முடிவு செய்திருப்பேன். உண்மையோ நான்காவது வகை: இயலாமையை மறைத்தல். நெஞ்சு சொல்லும் சாட்சியோடு கொப்பி சொல்லும் சாட்சியும் வேண்டும் என்பது இதனாற் பெறப்படும்.

அதட்டுதலும் ஒருவகைக் கவனமே. இதனை 1968இல் இலினோய் மாநிலத்தில் வெஸ்லி பெக்கரும் அவர் துணைவர்களும் முதலாந் தர வகுப்பொன்றிற் சோதித்துப் பார்த்தனர். பிள்ளைகள் இடம்விட்டு எழுந்து திரிந்தனர். ஆசிரியர்கள் ‘இரு, இரு’ என்று பணித்து வந்தனர். ஆய்வாளர் கேட்டபடி அவ்வாறு பணித்தலைப் பன்மடங்கு கூட்டினர். கூட்டக் கூட்ட எழுந்து திரிதல் மிகுந்தது. ஒவ்வொரு பிள்ளையும் ‘இரு’ என்றவுடன் இருக்கத்தான் செய்தது. ஆதலின் கட்டளை பலிக்கின்றது என்றே ஆசிரியர்க்குத் தோன்றும். முழுநாட் கணக்கைப் பார்த்தபோதே உண்மை வெளிப்பட்டது. இருந்து வேலை செய்யும் பிள்ளைகளைப் பாராட்டத் தொடங்கியபோது எழுந்து திரிதல் குறைந்தது. நம் வகுப்பில் ஒரு பாடவேளைக்குள் “சத்தம் போடாதேங்கோ” என்று எத்தனை முறை சத்தம் போடுகின்றோம் என்பதை ஒருநாள் ஒரு மாணவத் தலைவனைக் கொண்டு எண்ணுவித்துப் பார்க்கலாம். யான் எண்ணுவித்தேன், தொகையை இங்கு எழுத நாணுகின்றேன்.

இதுகாறும் ஒரு பிள்ளையைப் பற்றியே பேசினோம். வகுப்பு முழுவதையும் நோக்குமிடத்து வேறொரு பேருண்மை தெரியவரும். டெற்றோயிற் நகரப் பல்கலைக்கழகத்து ஆசிரியரான ஜேக்கப் கவுனின், தம் வகுப்பின் பின்வரிசையிற் புதினத்தாள் வாசித்துக்கொண்டிருந்த மாணவனொருவனை ஒருமுறை கண்டித்தார். கண்டிக்கப்பட்டவனைவிட மற்றையோரிடம் தோன்றிய மாற்றமே அவர் கண்ணிற் பட்டது. யன்னலைப் பார்த்திருந்தவர்கள் கொப்பியைப் பார்த்தனர், குசுகுசுப்பு நின்றது. குளத்தில் எறிந்த கல்லின் அலைபோற் கண்டனம் பரவுகின்றதே, எத்தகைய கண்டனம் நன்கு பரவும் என்று ஆராயப் புகுந்தார். பல வகுப்புகளை ஒளிப்பதிவு செய்து ஆண்டுக்கணக்காக ஆராய்ந்தார். 1970இல் அவர் வெளியிட்ட முடிபு எவரும் எதிர்பாராதது. நன்கு நடக்கும் வகுப்பின் ஆசிரியரும் குழம்பிக் கிடக்கும் வகுப்பின் ஆசிரியரும் குழப்படி நேர்ந்த பின் கண்டிக்கும் முறையில் வேறுபடவில்லை. மென்மையோ கடுமையோ, தெளிவோ உறுதியோ, எதனாலும் அவர்களைப் பிரித்தறிய முடியவில்லை. வேறுபாடு அதற்கு முன்னர், பாடம் நடக்கும் முறையிலேயே இருந்தது.

நல்லாசிரியர் வகுப்பின் நாற்புறத்தும் நடப்பதை அறிந்திருந்தார். அறிந்திருக்கின்றார் என்பதை மாணாக்கரும் அறிந்திருந்தனர். குழப்படியைத் தொடக்கியவனை விட்டுத் திரும்பிச் சிரித்தவனைப் பிடித்தல், சிறு பேச்சைப் பிடித்து அதன் பின்னே நடக்கும் அடிபிடியைக் காணாதிருத்தல், மூவரிடம் பரவிய பின் தலையிடுதல் ஆகிய பிழைகள் அவரிடம் அரிதாயிருந்தன. ஒரு மாணவனின் கொப்பியைப் பார்க்கும்போதே மற்றவர்மீதுங் கண் வைத்திருந்தார். அவர் பாடம் தங்குதடையின்றி ஓடியது. மற்றவரோ கணக்கை நிறுத்திவிட்டு வரவு இடாப்பைத் தேடினார். இடாப்பை மூடியதும் நேற்றைய வீட்டுவேலையை நினைந்தார். பின் மறுபடியும் கணக்குக்கு வந்தார். கழற்குடம் என்று முன்னோர் சொன்னது இதனையன்றோ! முறைமாறிக் கொட்டுங் குடத்தின்முன் 41 சிறுவர் கைகட்டியிருப்பார்கள் என்று எதிர்பார்த்தல் பேதைமை.

இவ்வாய்வைப் படித்த பின் என் வகுப்பில் யான் மாற்றியவை மிகச் சிறியன. முன்பு மணி அடித்தபின் வகுப்புக்குட் சென்று, கரும்பலகையைத் துடைத்து, திகதி எழுதி, வெண்கட்டி தேடி, கொப்பிகளைப் பகிர்ந்து முடிக்க எட்டு நிமிடம் ஆகும். நாற்பது நிமிடப் பாடவேளையில் இஃது ஐந்தில் ஒன்று. அவ்வெட்டு நிமிடத்திலேதான் அன்றைய குழப்படியின் வித்து விழும். இப்போது ஒரு வினா முன்னரே ஒட்டுத்தாளில் எழுதிக் கொண்டுவரப்பட்டுப் பலகையில் ஒட்டப்படும். யான் இடாப்புக் கூப்பிட்டு முடிவதற்குள் விடையெழுதுதல் அவர்கள் வேலை. நீண்ட குறிப்பைக் கரும்பலகையில் முதுகு காட்டி எழுதுவதை விட்டேன். கடைவாங்குகளுக்கு ஒரு பாடவேளையில் இருமுறையாவது நடந்து செல்கின்றேன். குரலை உயர்த்தாது அருகிற் சென்று நிற்றலே பெரும்பாலான பேச்சுக்குப் போதும். இங்கிலாந்தில் 1989இல் வெளிவந்த எல்ற்றன் குழுவின் அறிக்கையும், ஆசிரியரை அரிப்பது பெருங்குற்றங்கள் அல்ல, முறையின்றிப் பேசுதல், அயலவரின் வேலையைத் தடுத்தல் போன்ற சின்னஞ் சிறு தொந்தரவுகள் நாளும் பொழுதும் வருதலே என்று கண்டது.

வகுப்பறைக்கு வெளியே முளைக்குங் காரணங்களை மறந்துவிட இயலாது. காலை உணவின்றி வந்தவன் இடைவேளை வரையும் எரிந்து விழுவான். இரவு ஒன்பது மணிவரை தனியார் கல்வி நிலையத்தில் இருந்தவனுக்கு நம் பாடம் இரண்டாம் முறை கேட்கும் பழங்கதை. 2009இன் பின்னர் வன்னியிலிருந்து நம் பள்ளிகளுக்கு வந்து சேர்ந்த பிள்ளைகள் சிலர், ஆசிரியர் குரல் உயர்ந்த கணத்திலே விறைத்துப் போனதைப் பலர் கண்டிருப்பர். அதனைப் பிடிவாதம் என்று எழுதிவைத்தவர்களும் உளர். என்னளவிற் சொல்லவேண்டியது வேறொன்று உண்டு. தொழிலிற் சேர்ந்த புதிதில், கடலோரக் கிராமத்துப் பள்ளிக்கூடம் ஒன்றிற் பத்தாந் தரத்து மாணவன் ஒருவன் முதற் பாடவேளையிலேயே மேசையிற் தலைவைத்து உறங்குவான். ஒருநாள் வெண்கட்டித் துண்டொன்றை அவன்மீது எறிந்து, “இரவு முழுக்கக் களவெடுக்கப் போறனியோ?” என்றேன். வகுப்புச் சிரித்தது. அவன் எழுந்து நின்றான், ஒன்றுஞ் சொல்லவில்லை. தகப்பன் நோயுற்றிருந்தமையால் மாமனோடு இரவில் வலைக்குப் போய்விட்டு நேரே பள்ளிக்கு வருகின்றான் என்பதை மறுவாரம் இன்னொரு மாணவன் சொல்லி அறிந்தேன். அதற்குள் அவன் வருவதை நிறுத்திவிட்டான். வீடு தேடிச் சென்றேன், வெளியே வரவில்லை. அவன் பெயர் அத்தவணை முடியும்வரை இடாப்பில் இருந்தது. பின்னர் சிவப்பு மையால் வெட்டினேன். கேட்கவேண்டிய வினா ஒன்றே: “தம்பி, ஏன் நித்திரை?” அதனைத் தனியே கேட்க அரை நிமிடம் போதும்.

இனிப் பிரம்பைப் பற்றி ஒரு சொல். பள்ளிகளில் உடற்றண்டனை ஆகாதென்று கல்வி அமைச்சு 2005ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சுற்றுநிருபத்தால் அறிவித்தது. பள்ளி ஒழுக்கம் பற்றிய 2016ஆம் ஆண்டுச் சுற்றுநிருபமும் அதனை வலியுறுத்திற்று. மாணவனொருவனின் காதில் அறைந்து கேள்விப்புலனைப் பாதித்த வழக்கிலே, அரசியலமைப்பின் 11ஆம் உறுப்புரை மீறப்பட்டதென 2021 பெப்ரவரியில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்து, ஆசிரியர் 500,000 ரூபாவும் அரசு 150,000 ரூபாவும் செலுத்தப் பணித்தது. சட்டத்தின் நிலை இதுவாகவும், “பிரம்பைப் பறித்தார்கள், அதனிடத்தில் எதைத் தந்தார்கள்?” என்று மூத்த ஆசிரியர்கள் கேட்பதுண்டு. அக்கேள்வியை யான் இகழமாட்டேன். நாற்பதுக்கு மேற்பட்ட பிள்ளைகளோடு, வெயில் ஏறிய கடைசிப் பாடவேளையில், ஓட்டுக்கூரையின் கீழ் நிற்பவர்க்குச் சுற்றுநிருபம் துணைவராது. ஆயினும் பிரம்பு இருந்த காலத்தில் அது எதனைச் செய்தது? யான் மாணவனாயிருந்தபோது அடிவாங்கியோர் வரிசை கிழமைதோறும் பெரும்பாலும் ஒரே வரிசை. அடி அவர்களைத் திருத்தியிருந்தால் வரிசை மாறியிருக்கவேண்டும். வாசிக்கத் தெரியாதவனுக்கு அடியும் ஒரு தப்பும் வழியே. அடி வாங்கும் நேரத்தில் வாசிக்கவேண்டியதில்லை.

எட்டாந் தரத்து மாணவனிடம் மீள்கின்றேன். வரிசைமுறை வாசிப்பை அவ்வகுப்பில் அன்றே நிறுத்தினேன். அவனுக்காக என்று கூறவில்லை. யார் எந்தப் பந்தியை வாசிப்பது என்பதை முதல்நாளே குறித்துக் கொடுப்பது புது வழக்கமாயிற்று. அவனுக்கு மூன்று வரி. பள்ளி விட்டபின் இருபது நிமிடம், கிழமைக்கு மூன்று நாள், நான்காந் தர நூலிலிருந்து தொடங்கினோம். உதவி வேண்டும்போது பாடநூலைக் கவிழ்த்து வைத்தல் எங்களிருவர்க்கும் இடையிலான குறி. அதைக் கண்டால் அவன் முறையைப் பேசாது தாண்டிச் செல்வேன். முதல் மாதத்தில் நூல் நாலைந்து முறை கவிழ்ந்தது. ஆண்டிறுதியில் ஐந்தாந் தர நூலைத் தடையின்றி வாசித்தான். எட்டாந் தர நூலை எட்டவில்லை. பகிடி விடுதலும் அறவே நிற்கவில்லை, நிற்கவேண்டும் என்று யான் விரும்பவுமில்லை. விறாந்தைக்கு மட்டும் அத்தவணையில் அவன் ஒருமுறையேனும் அனுப்பப்படவில்லை. அவ்விருபது நிமிடங்களை யான் எங்கிருந்து எடுத்தேன் என்று கேட்பீராயின், முன்பு அவனை அதிபரிடம் அனுப்பியும், முறைப்பாடு எழுதியும், தாயாருக்குச் சொல்லியனுப்பியும் செலவிட்ட நேரத்தினின்றே எடுத்தேன்.

இவ்வாறு ஒவ்வொருவர்க்குஞ் செய்ய நேரமேது என்பர். ஒவ்வொருவர்க்கும் வேண்டியதில்லை. 41 பேருள் கொப்பியில் இடம்பிடிப்போர் மூவர் அல்லது நால்வர். ஏனையோர்க்குப் பாடம் ஒழுங்காக ஓடினாற் போதும். இவ்வாண்டும் என் மேசை இழுப்பறையில் அத்தகைய கொப்பி ஒன்று இருக்கின்றது: நாள், பாடவேளை, முன் நடந்தது, அவன் செய்தது, யான் செய்தது. பெயர்களுக்குப் பதிலாக எண்களே இடப்பட்டுள்ளன. பார்க்க விரும்பும் ஆசிரியர்கள் இடைவேளையிற் கேட்டு வாங்கலாம். ஐந்தாம் நிரலை வாசித்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரிக்காதிருத்தல் மட்டுமே நிபந்தனை.